கோணாமலையின் வலது முழங்கை

பெண்கள் ஏறிய பிறகு கோணாமலையின் கழுத்து திரும்பாது. காத்தான்குடி அசனார் முதலாளி ஆரையம்பதியிலிருந்து அவனைக் கூப்பிட்டுத் தன் வாடகைக் காரை ஒப்படைத்ததற்கு அதுதான் காரணம். 1930களில் மட்டக்களப்பில் கார் ஓட்டத் தெரிந்தவர்கள் வேறும் சிலர் இருந்தார்கள். அவனைவிட நன்றாக ஓட்டுகிறவர்களும் இருந்தார்கள். ஆனால் பின்னால் யாராவது தும்மினால் அவர்கள் திரும்பிப் பார்த்துவிடுவார்கள்.

கோணாமலை பார்க்கமாட்டான். சாரதிக்கு முன்னால் தொங்கிய கண்ணாடியை முதல் நாளே கழற்றி முதலாளியின் கையில் கொடுத்துவிட்டான். பெண்கள் உள்ளே இருந்தால் காரைப் பின்னுக்கு எடுக்கவும் மாட்டான். பின்னுக்கு எடுப்பதென்றால் திரும்ப வேண்டும். திரும்ப வேண்டிய ஒழுங்கையைத் தவறவிட்டால் நேரே போய், பெரிய வளவு ஒன்று கண்ணில் பட்டால் அதற்குள் விட்டு வட்டமடித்து வருவான். ஒருமுறை நாவற்குடாவில் நிறுத்த வேண்டிய காரை, திருப்ப இடமில்லாமல், கல்லடிப் பாலத்துக்கு அப்பால் வரை கொண்டுபோய் வந்தான். உள்ளே இருந்தவர்களுக்கு அதில் குறையில்லை. பாலத்தில் நல்ல காற்று.

கார் பழையது. பதுளைப் பக்கத்துத் தோட்டத் துரை ஒருவர் ஓட்டித் தேய்த்தது. கூரையின் உட்புறம் சாம்பல் நிறத் துணி போர்த்தியிருக்கும். அதன் நடுவில் ஒரு கண்ணாடிக் கிண்ணம், கிண்ணத்துக்குள் ஒரு விளக்கு. சாரதியின் வலது தோளுக்குப் பின்னாலிருந்த தூணில், முழங்கை உயரத்தில், அதன் சுவிச்சு. பாலத்திலிருந்து களுவாஞ்சிக்குடி வரைக்கும் உள்ளே விளக்கு எரிகிற கார் அது ஒன்றுதான். மாப்பிள்ளையைப் பெண் வீட்டுக்கு அழைத்துப்போகும் ஊர்வலங்களுக்கு அந்தக் காரையே பேசினார்கள். விளக்கைப் போட்டால் மாப்பிள்ளை போத்தலுக்குள் வைத்த இனிப்புப்போலத் தெரிவார்.

பெண்கள் போகும் பயணங்களும் அதிகமானதால், முதலாளி தச்சனைப் பிடித்துச் சாரதியின் இருக்கைக்குப் பின்னால் கூரையோடு ஒட்டி ஒரு பித்தளைக் கம்பி பூட்டினார். கம்பியில் கனமான பச்சைத் திரை. பக்கக் கண்ணாடிகளுக்கு மெல்லிய வெள்ளைத் துணி. எல்லாம் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு வந்த முதல் ஊர்வலத்தில் விளக்கு எரியவில்லை. பொழுது பட்டு மஃரிப் தொழுகை முடிந்து மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தார். திரைகளை ஒதுக்கிவிட்டுக் கோணாமலை சுவிச்சைப் போட்டான். போட்டு நிறுத்தினான். உள்ளங்கையால் தட்டினான். இருட்டு இருட்டாகவே இருந்தது. கடைசியில் மாப்பிள்ளையின் சாச்சா ஒருவர் அரிக்கன் லாம்போடு உள்ளே ஏறி, அதை மாப்பிள்ளையின் நாடிக்குக் கீழே பிடித்துக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை வழிநெடுக இருமினார்.

"இதென்ன, வாவியில றால் புடிக்க வாறவர் மாதிரி இரிக்கி" என்று பெண் வீட்டு வாசலில் யாரோ சொன்னார்கள்.

அது பரவாயில்லை. மாப்பிள்ளை மெய்யாகவே உள்ளே இருந்தார், கல்யாணமும் நடந்தது. கோணாமலையின் தலையில் இடி விழுந்தது அடுத்த வாரம்.

முதலாளியின் மாமி ஆமினா உம்மா ஏறாவூருக்கு ஒரு பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனார். கூடவே அவருடைய மருமகள் கைறுன்னிஸாவும் இன்னும் சில பெண்களும். ஆமினா உம்மா சொன்னால் காத்தான்குடியில் எந்த வீட்டுப் பெண்ணும் ஏறுவாள், வேண்டாமென்றால் எந்த வீட்டுப் பெண்ணும் ஏறமாட்டாள். போகும்போது நல்ல வெயில். திரும்பும்போது பொழுது பட்டுவிட்டது. எல்லாரும் ஏறி உட்கார்ந்தார்கள், ஆமினா உம்மா பச்சைத் திரையை இழுத்து மூடினார், விளக்கு பளீரென்று எரிந்தது.

"லைற்ற நூத்துடு மகன்."

கோணாமலை திரும்பாமலே கையைப் பின்னுக்கு விட்டுச் சுவிச்சைத் தடவி அமர்த்தினான். விளக்கு அணையவில்லை.

"நூருதில்ல உம்மா."

"போட்டவனுக்கு நூக்கத் தெரியாதா?"

"நான் போடல்ல உம்மா."

"அப்ப ஆரு, ஜின்னு வந்தா போட்டிச்சி?"

காத்தான்குடிக் கடைத்தெருவுக்குள் கார் நுழைந்தபோது இருட்டுக்கு நடுவே அது மட்டும் வெளிச்சப் பெட்டியாக வந்தது. வெள்ளைத் துணிகளில் பெண்களின் நிழல்கள் ஆடின. ஆமினா உம்மா கையுரலில் பாக்கு இடிப்பதைத் தெருவே பார்த்தது. மாமியார் இடிக்கிற நேரம் பார்த்து, மடியிலிருந்த பெட்டியிலிருந்து தொதல் இனிப்பைப் பிய்த்துப் பிய்த்து வாயில் போடும் கைறுன்னிஸாவையும் பார்த்தது. வீட்டு வாசலில் இறங்குமுன், முன்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்க்க ஆமினா உம்மா பச்சைத் திரையை ஒதுக்கினார். விளக்கு அணைந்தது.

மறுநாள் காலையில் கடைக்காரர் ஒருவர் அசனார் முதலாளியிடம் அன்பாக விசாரித்தார்.

"மாமிக்குக் கையுரல் பாரமோ? ரெண்டு கையாலயும் இடிக்காங்க."

முதலாளி கோணாமலையைக் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளைக்கு எரியல்ல. பொம்புளைகளுக்கு எரியிது. எறங்கக்குள்ள நூருது. லைற்றுக்குக் கண் இரிக்கா?"

"இல்ல முதலாளி."

"உனக்கு இரிக்கி. நீ கிறுகிப் பாக்கத்தான் லைற்றப் போட்டயாம். மாமி சொல்லுறாங்க."

திரும்பிப் பார்த்தான் என்கிற சொல் கல்லடிப் பாலம் வரை போனால் போதும், பிறகு கோணாமலை ஓட்டுவதற்கு மாட்டுவண்டிகூடக் கிடைக்காது. அதைவிட முக்கியம், அந்தக் கழுத்தைத் தவிர அவனிடம் வேறு பெருமை ஒன்றும் கிடையாது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்கு விளங்கப்படுத்து. இல்லாட்டிக் கார்த் திறப்பத் தந்திட்டுப் போ" என்றார் முதலாளி.

நகரத்தில் இராசதுரை ஒரு பட்டறை வைத்திருந்தான். கோணாமலை அங்கே காரைக் கொண்டுபோனான். இராசதுரை பற்றரியைப் பார்த்தான். குமிழைக் கழற்றி வேறிடத்தில் எரித்துப் பார்த்தான். சுவிச்சைத் திறந்து சுரண்டி மூடினான்.

"பற்றரி சரி. பல்ப் சரி. சுவிச்சும் சரி."

"அப்ப ஏன் எரியுதில்ல?"

"அதுக்கு எரிய விருப்பமில்லப் போல."

"பொம்புளைகள் ஏறினா எரியுது."

"அப்ப பொம்புளைகள ஏத்திக்கொண்டு வா."

"இனி ஏறமாட்டாங்க."

"வருத்தக்காரன வீட்ட வைச்சிட்டு வந்து மருந்து கேக்காய்" என்று இராசதுரை கையைத் துடைத்தான். பிறகு இரக்கப்பட்டு ஒரு யோசனை சொன்னான். "பாரத்துல சீற் அமுங்கி எங்கயாவது கம்பி முட்டுதோ தெரியா. பாரம் ஏத்திப் பார்."

கோணாமலை நெல்மூட்டைகளை ஏற்றினான். ஆமினா உம்மாவுக்கு ஒரு முழுச் சாக்கு. கைறுன்னிஸாவுக்குத் தவிட்டு மூட்டை. அவரவர் உட்கார்ந்த இடத்திலேயே அவற்றை வைத்து, பொழுது படுகிற நேரம் ஏறாவூருக்குப் போய், அங்கே சற்று நின்று, திரும்பி வந்தான். திறந்த திரை வழியாக வெளிச்சம் முன்னால் விழுகிறதா என்று முன்பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு ஓட்டினான். விழவில்லை. மூட்டைகளைக்கூட அவன் வழியில் ஒருதரமும் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் அவன் மனைவி கண்ணகை கதையைக் கேட்டுவிட்டு எழுந்தாள்.

"மூட்டைக்கு எப்பிடிக் கா எரியும்? பொம்புளைக்கெல்லோ எரியுதாம். நான் ஏறிப் பாக்கன்."

ஏறி நடுவில் உட்கார்ந்தாள். அவளுக்குத் திரை போடுகிற பழக்கம் இல்லை, அதைத் தொடவும் இல்லை. இரண்டு பேரும் கூரையைப் பார்த்தபடி இருந்தார்கள். விளக்கு எரியவில்லை. கண்ணகை கொஞ்சம் குலுங்கிப் பார்த்தாள்.

"எரியாது போல" என்றான் கோணாமலை.

"அப்ப நான் பொம்புளையில்லையா?"

அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பும் எரியவில்லை.

வேறு வழி தெரியாமல் அவன் குமிழைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டு, இனி எரிய ஏதுமில்லை என்று ஆமினா உம்மாவுக்குச் சொல்லியனுப்பினான். "செய்த குத்தத்த மடிக்குள்ள ஒளிச்சிட்டான் பாத்தியா" என்று பதில் வந்தது. முதலாளியோ, மாப்பிள்ளைக் கார் குருடாகவா போகும் என்று கேட்டு, அதைத் திரும்பப் பூட்டவைத்தார்.

வியாழக்கிழமை மாலை கோணாமலை காரை வாவிக் கரையில் நிறுத்தினான். இறங்கிப் பின்னால் போய், பெண்கள் உட்காருகிற இருக்கையில் முதன்முறையாக உட்கார்ந்தான். நாளைக்குத் திறப்பைக் கொடுத்தாக வேண்டும். வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் பக்கத்தில் நின்றார்கள். அவர்களுக்குத் தன் அழுத முகம் தெரியக்கூடாதென்று பச்சைத் திரையை இழுத்தான்.

விளக்கு எரிந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையை ஒதுக்கினான். அணைந்தது. இழுத்தான். எரிந்தது. பலமுறை இழுத்து ஒதுக்கியதில் வலைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

திரையை இழுக்கும்போது பித்தளைக் கம்பி ஒரு பக்கம் சாய்வதையும், அதைப் பிடித்திருந்த ஆணி கூரைத் துணிக்குள் அசைவதையும் அவன் கண்டான். துணியை விலக்கிப் பார்த்தபோது எல்லாம் விளங்கியது. தச்சன் முறுக்கிய ஆணி, விளக்கிலிருந்து சுவிச்சுக்குப் போகும் கம்பியை நடுவால் அறுத்துக்கொண்டு, மரச்சட்டத்தையும் துளைத்துக் காரின் தகரம் வரை போயிருந்தது. அதனால் சுவிச்சால் பயனில்லை. திரையை இழுத்தால் ஆணி சாய்ந்து, அறுந்த கம்பியின் விளக்குப் பக்கத்து முனையில் முட்டும். சுவிச்சு வழியே போக வேண்டிய மின்சாரம் ஆணி வழியே காரின் உடம்புக்குப் போய்விடும், விளக்கு எரியும். திரையை ஒதுக்கினால் ஆணி விலகும், விளக்கு அணையும். திரைதான் சுவிச்சு.

அவன் எதையும் திருத்தவில்லை. நேரே ஆமினா உம்மாவின் வாசலுக்குக் காரை விட்டு, மதிலைப் பார்த்தபடி நின்றுகொண்டு விஷயத்தைச் சொன்னான். முக்காடு போட்டுக்கொண்டு ஆமினா உம்மா வந்து ஏறினார். கைறுன்னிஸாவும் ஏறினாள். திரை வளையங்கள் சரசரத்தன. மதிலில் வெளிச்சம் விழுந்தது, போனது, விழுந்தது. கைறுன்னிஸா சிரிப்பது கேட்டது. பிறகு ஆமினா உம்மா கூப்பிட்டார்.

"கோணாமலை."

"உம்மா."

"அப்ப இத்தறைக்கும் லைற்றப் போட்டது நாங்க."

"திரைதான் உம்மா போட்டது."

"திரைய இழுத்தது ஆரு? ஊருக்குத் தெரியாம இரிக்கிறத்துக்கு இழுத்து, இழுத்த கையாலயே எங்கள ஊருக்குக் காட்டியிருக்கம். இது வெளிய போனா எண்ட முகத்த எங்க கொண்டு வைக்கிற?"

"எண்ட முகம் உம்மா?"

"உனக்கு முகத்தால என்ன வேல? உண்ட வேல கழுத்தாலதானே."

கோணாமலை மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. காருக்குள் கிசுகிசுப்பு எழுந்தது. கைறுன்னிஸா ஏதோ சொன்னாள், ஆமினா உம்மா "மெய்தான் புள்ள" என்றார்.

"மகன், இப்பிடிச் செய்வம். கழுத்துல குத்தமில்ல. நீ கிறுகல்ல. சுவிச்சு உண்ட வலது முழங்கைக்கிட்டத்தானே இரிக்கி? அது பட்டிரிக்கி. அவ்வளவுதான்."

"படல்ல உம்மா."

"முழங்கைக்குக் கண் இரிக்கா?"

"இல்ல."

"கண்ணில்லாதது எதப் பாத்திரிக்கும்? அதுல உனக்கென்ன நட்டம்?"

கோணாமலை யோசித்தான். கழுத்து மிஞ்சுகிறது. திறப்பு மிஞ்சுகிறது. முழங்கை ஒன்றுதான் போகிறது.

"கிறுகல்லண்டு நீங்க எல்லாருக்கும் சொல்லுவீங்களா?"

"சொல்லுவன்."

சொன்னார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிவதற்குள் ஊர் முழுக்க அறிந்துவிட்டது: கோணாமலை ஒழுக்கமானவன், அவனுடைய முழங்கைதான் சரியில்லை.

கோணாமலை அறுந்த கம்பியை முறுக்கித் துணி நாடா சுற்றினான். ஆணியை வேறிடத்தில் அடித்தான். இனி விளக்கு சுவிச்சுக்கு மட்டுமே எரியும். ஆனால் அது முதலாளிக்குத் தெரியாது. குற்றம் எதுவென்று தெரிந்தபின் அதைச் சும்மா விடலாமா? பெண்கள் ஏறும்போது அந்த முழங்கையை விலாவோடு சேர்த்துக் கட்ட வேண்டுமென்று முதலாளி சொன்னார். மிச்சமிருந்த பச்சைத் திரைத் துணியில் கைறுன்னிஸாவே ஒரு பட்டி தைத்து அனுப்பினாள். ஓரத்தில் பூ வேலையும் செய்திருந்தாள்.

கட்டிய நாளிலிருந்து விளக்கு தானாக எரியவே இல்லை. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? ஒன்றிரண்டு சந்தேகக்காரர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். பெண்களின் பயணங்கள் முன்னைவிடக் கூடின. வளைவுகளில் வலது கையை வெளியே நீட்டிக் காட்ட முடியாததால், கோணாமலை "சோத்துக்கைப் பக்கம்!" என்று தெருவைப் பார்த்துக் கத்தினான். வண்டிக்காரர்கள் பழகிக்கொண்டார்கள். மாப்பிள்ளை ஊர்வலங்களில் எல்லாருக்கும் முன்னால் பட்டியை அவிழ்ப்பார்கள். உடனே அவன் சுவிச்சைப் போடுவான். விளக்கு எரியும். முழங்கையின் வல்லமையைக் கண்டு சனம் ஆரவாரம் செய்யும். சில ஊர்வலங்களில் மாப்பிள்ளையைப் பார்த்தவர்களைவிட முழங்கையைப் பார்த்தவர்களே அதிகம்.

ஒருநாள் பொழுது பட்டபின் அவன் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தான். கை வாய்க்கு எட்டவில்லை. தலையைக் குனிந்து குனிந்து சோற்றை எடுத்தான். கண்ணகை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டயுமா கட்டிக்கொண்டு இருக்கிற?"

"மறந்திட்டன்."

அவள் பட்டியின் முடிச்சில் கைவைத்தாள். அவன் பட்டென்று ஒதுங்கி, திறந்து கிடந்த வாசல் படலையைப் பார்த்தான். தெருவில் யாரோ பேசிக்கொண்டு போனார்கள். அவர்களுடைய பேச்சுச் சத்தம் தேயும் வரை அப்படியே இருந்தான்.

"படலையச் சாத்திற்று வந்து அவுழு" என்றான்.