கறிவேப்பிலைக் கொத்தோடு போன கூட்டுப்புழு

பாப்பா, தம்பி, இதை உங்கள் இரண்டு பேருக்கும்தான் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுதுவது, தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நம் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் நடந்தது மறந்துபோகக் கூடாது என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் அதைக் காக்காய் எச்சம் என்று நினைத்துத் துடைக்கப் போனவன் நான். இலை மேல் பழுப்பும் வெள்ளையுமாக ஒட்டிக்கொண்டிருந்தது. பாப்பா, நீதான் என் கையைப் பிடித்தாய்.

"எப்பா, எச்சம் எங்கனா நடக்குமா? அது நடக்குது பாரு!"

குனிந்து பார்த்தால், எச்சம் இலையின் ஓரத்தைத் தின்றுகொண்டிருந்தது. பறவை கொத்தாமல் இருக்கப் பறவையின் எச்சம் மாதிரியே வேஷம்! பக்கத்து இலையில் இன்னொன்று. அது தம்பிக்கு, இது உனக்கு என்று அப்போதே பிரித்துக்கொண்டீர்கள்.

தின்னத் தின்னச் சட்டை பத்தாமல் தோலை உரித்தன. கடைசியாக உரித்தபோது எச்சம் போய்ப் பச்சைப் புழு வந்துவிட்டது. தம்பி, நீ குச்சியால் தொட்டாய். தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு நீண்டது, கூடவே ஒரு நாற்றம். மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாய். "உன் சாக்ஸுக்கு அது எவ்வளவோ தேவல" என்றாள் உங்கள் அம்மா.

தம்பியுடையதுதான் முதலில் கூடு கட்டி, பட்டாம்பூச்சியாகி வெளியே வந்தது. கறுப்பு இறக்கை, பின் இறக்கையில் வரிசையாக வெள்ளைப் பொட்டு. அன்று முழுக்கத் தம்பி தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். பாப்பாவுடையது அப்போதுதான் ஒரு காம்பில் ஏறி, கரண்ட் கம்பத்தில் வேலை செய்கிறவர் இடுப்பில் கயிறு போட்டுச் சாய்வாரே, அப்படி ஒரு நூலைத் தன் இடுப்பைச் சுற்றிப் போட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் தோல் கழன்று கூட்டுப்புழுவாகிவிட்டது. அசல் இலைப் பச்சை. தெரிந்தவர் காட்டினால்தான் தெரியும்.

வினை அதில்தான் வந்தது. நம் தெருவில் யார் அடுப்பில் எண்ணெய் காய்ந்தாலும் கறிவேப்பிலைக்கு நம் வாசலுக்குத்தான் வருவார்கள். ஒரு சாயங்காலம் நான் கூட்டேரிப்பட்டு பஞ்சர் கடையிலிருந்து வந்து கைகூடக் கழுவவில்லை. பாப்பா, செடியின் கீழ் நின்று நீ அழுதுகொண்டிருந்தாய்.

"எம்மா, எம் புழுவ யாரு ஒட்ச்சது?"

"நாந்தான்டி. எதிர்வீட்டுப் பெரிம்மா ரசத்துக்குக் கேட்டாங்க, ரெண்டு கொத்து குடுத்தேன். நான் இன்னாத்தக் கண்டேன்?"

"எம் புழுவ ரசத்துல போட்டுட்டியா!"

நானும் நீங்கள் இரண்டு பேருமாக எதிர்வீட்டுக்கு ஓடினோம்.

"இன்னாபா, கும்பலா வந்து நிக்கிறீங்க?" என்றார் பெரியம்மா.

"அக்கா, ரசம் வெச்சாச்சா?" என்றேன்.

"வெச்சாச்சே. ஊத்தட்டா?"

பாப்பா, நீ நேராக அடுப்படிக்குப் போய்க் கரண்டியால் ரசத்தைத் துழாவ ஆரம்பித்துவிட்டாய். விஷயத்தைச் சொன்னதும் பெரியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஐய, ஒரு கொத்துதான் போட்டேன். இன்னொன்னு ஃபிரிட்ஜில கீது. அதையும் பாரு."

ஃபிரிட்ஜில் கொத்தைச் சுற்றி வைத்திருந்த பேப்பரைப் பிரித்தோம். கூட்டுப்புழு காம்பில் நூல் அறாமல் அப்படியே சாய்ந்திருந்தது. தொட்டால் ஐஸ் மாதிரி சில்லென்றிருந்தது.

"செத்துடுச்சாப்பா?"

"தெரியலம்மா." எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

"ஜல்தி எடுத்துக்கினு போங்க, எனக்குக் கூசுது" என்றார் பெரியம்மா. ஆனால் அதன் பிறகு தினமும் வாசலில் நின்று, "பொறந்துச்சா?" என்று கேட்டதும் அவர்தான்.

கொத்தைத் தண்ணீர் பாட்டிலில் சொருகி ஜன்னலில் வைத்தோம். நீ அம்மாவோடு பேசவில்லை. சோறு வேண்டுமென்றால்கூட ஜாடைதான். அவளோ நீ ஸ்கூலுக்குப் போனதும் ஜன்னலில்தான் நிற்பாளாம். ஒரு நாள் ராத்திரி கூடு கறுக்க ஆரம்பித்தது. "அழுகிப்போச்சு போலங்க, இத எப்படி பாப்பாகிட்ட சொல்றது?" என்று என்னிடம் மெல்லக் கேட்டாள்.

அழுகவில்லை. உள்ளே இருந்த கறுப்பு இறக்கை தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். காலையில் பல் விளக்கப் போன நீ, "எம்மா! எம்மா! ஓடியா!" என்று கத்தினாய். அத்தனை நாள் கழித்து வந்த முதல் வார்த்தை. அம்மா தோசையைக் கல்லிலேயே விட்டுவிட்டு ஓடினாள். ஈரத் துணி மாதிரி சுருங்கிய இறக்கையோடு அது காலியான கூட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. இறக்கை விரிய விரிய, நடுவில் வெள்ளை, ஓரத்தில் சிவப்பாகப் பிறை பிறையாகப் பொட்டுகள்.

"இது உன்னுது இல்லக்கா. என்னுதுல செவப்பே இல்ல. பெரிம்மா ஃபிரிட்ஜில மாத்திட்டாங்க" என்றான் தம்பி. உன் முகம் வாடிவிட்டது.

போனில் படம் படமாகத் தேடினேன். இரண்டுமே அழகிகள் என்கிற பட்டாம்பூச்சிக் குடும்பம்தான். அதிலும் இரண்டுமே கறிவேப்பிலை அழகிதான். தம்பியுடையது ஆண், உன்னுடையது பெண். ரோஜா அழகி என்று வேறொரு வகை, அதன் இறக்கையிலும் இதே வெள்ளையும் சிவப்பும். அதன் புழு ஆடுதின்னாப்பாளைச் செடியைத் தின்று வளர்வதால் அதற்கு உடம்பெல்லாம் விஷம், பறவைகள் தொடாது. அதனால் கறிவேப்பிலை அழகியில் சில பெண் பூச்சிகள் அந்த நிறத்தைப் போட்டுக்கொள்கின்றன.

"அந்தச் செடி மயிலம் பக்கம் மல்லாட்டக் கொல்லையில இருக்கும், ஆடுகூட மோந்து பாத்துட்டுப் போயிடும்" என்றாள் அம்மா. வேர்க்கடலைக் கொல்லையில் அதைப் பார்த்திருக்கிறாளாம்.

எப்படிப் பிரித்துச் சொல்வது? உடம்பைப் பார்க்க வேண்டும். ரோஜா அழகிக்கு உடம்பும் சிவப்பு. நீ மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்து பார்த்தாய்.

"கறுப்பு! கறுப்புடா! என்னுதுதான்!"

அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு குதித்தாய். தோசை தீய்ந்த வாசனையில் அது ஜன்னலைத் தாண்டிப் பறந்து, எதிர்வீட்டு மாடியைச் சுற்றிப் போனது. "எங்க ஃபிரிட்ஜில தூங்கிட்டு, சொல்லாம போவுது பாரு" என்று பெரியம்மா கையாட்டினார்.

அன்று மத்தியானம் கடையில் யாருமில்லை. டயர் மேல் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். ரசம் சாதம், மேலே ஒரு கறிவேப்பிலைக் கொத்து. எப்போதும் எடுத்து ஓரமாக வைத்துவிடுவேன். அன்று அதை வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட ஆரம்பித்தேன்.