நேராக்குவேன் என்ற விரல்

பிலிப்பைன்ஸிலிருந்து வந்த கார்ட்டூன் ஓவியரை ‘சேர்’ என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் ஒரு கண்ணாடி மேசை இருந்தது. மேசை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். கடல் உடைத்துப்போட்ட வீடொன்றின் யன்னல் கண்ணாடியைத் தேடியெடுத்து, இரண்டு பலகைப் பெட்டிகளின் மேல் வைத்து, கீழே ஒரு விளக்கைப் பொருத்தியிருந்தார். வரைந்த தாளின் மேல் வெறுந்தாளை வைத்தால் அடியிலுள்ள படம் ஊடே தெரியும். அதைப் பார்த்து மயிரிழை மாற்றி அடுத்த படத்தை வரைவார். ஒரு விநாடிக்குப் பன்னிரண்டு படங்கள். சுனாமிக்கு அடுத்த வருடம் மட்டக்களப்பு நாவற்குடாவில் ஒரு நிவாரண நிறுவனம் எடுத்திருந்த வாடகை வீட்டில் அவருக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். அவர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழாக்குவதும் பென்சில் சீவிக் கொடுப்பதும் என் வேலை.

தன் ஊரில் வேறு நாட்டுக் கம்பனிகளின் கார்ட்டூன்களுக்குப் பல வருடம் வரைந்தவர் அவர். “தொடக்கத்தையும் முடிவையும் அவர்கள் வரைந்து அனுப்புவார்கள். நடுவை நான் நிரப்புவேன்” என்பார். நடுவை நிரப்பி அலுத்துப்போய் வேலையை விட்டுவிட்டு, ஒற்றை அறையில் இருந்துகொண்டு பெரியவர்களுக்கான படங்கள் செய்யத் தொடங்கியிருக்கிறார். வெளிநாட்டில் வீட்டுவேலைக்குப் போன மனைவியின் சட்டையைத் தினமும் துவைத்துக் காயப்போடும் ஒருவனைப் பற்றிய படத்தை எனக்குப் போட்டுக் காட்டினார். நான் அழுதேன். எங்கள் மேலாளரோ அந்தப் படத்தையே முகாம் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டார். “கார்ட்டூன் எண்டா சின்னாக்களுக்குத்தானே?” என்று அவர் கேட்டபோது, தாய்மார் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள்.

கை கழுவுவதைப் பற்றிப் படம் செய்யத்தான் சேரை அழைத்திருந்தார்கள். அது முடிந்ததும் தன் சொந்தப் படத்தைத் தொடங்கினார். ஒரு மத்தியானம், அலை வந்தபோது எங்கே இருந்தேன் என்று கேட்டார். கல்லடியில் அக்கா வீட்டில் இருந்தேன் என்றேன். அக்கா சந்தைக்குப் போயிருந்தாள். அவளுடைய நான்கு வயது மகள் என்னோடு இருந்தாள். அலை பிள்ளையைப் பறித்துக்கொண்டது என்றுதான் அதுவரை எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். ஏனோ அவரிடம் உண்மையைச் சொன்னேன். ஒரு கையில் யன்னல் கம்பி, மறுகையில் பிள்ளை. கம்பி வழுக்கியபோது, அதை இரண்டு கையாலும் பிடிக்க நான் விரல்களை விரித்தேன். அலை பறிக்கவில்லை. நான்தான் விட்டேன்.

அவர் ஆறுதல் சொல்லவில்லை. அதற்காகவே அவரை நம்பினேன். பிள்ளை எப்படி ஓடுவாள், எப்படிச் சிரிப்பாள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு என் இடது கையை விரித்துக் காட்டச் சொல்லிக் கமராவில் எடுத்தார். நான் இரண்டே இரண்டு விஷயங்களைக் கேட்டேன். என் முகம் வேண்டாம். சுண்டுவிரலை நேராக்கிவிடுங்கள். சிறு வயதில் அக்கா சாத்திய கதவில் நசிந்து, வெளிப்பக்கம் வளைந்துபோன விரல் அது. உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். “நேராக்குவேன், சத்தியம்” என்றார். மறுபடி சண்டை மூண்டதும் தாள்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு ஊர் திரும்பினார்.

அந்தப் படத்தோடு அவர் எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டார். விருதுகள், பேட்டிகள், பெரிய நாடுகளில் திரையிடல்கள். அவர் பெயரைக் கணினியில் தேடிப் பார்த்து வெட்கமில்லாமல் பெருமைப்பட்டேன். யுத்தம் முடிந்த பிறகு அதை மட்டக்களப்பில் ஒரு மண்டபத்தில் காட்டினார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. கார்ட்டூன் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அக்காதான் என்னையும் இழுத்துப் போனாள். மேலாளர் செய்த அதே பிழை. முதல் காட்சியிலேயே என் படம் என்று விளங்கிவிட்டது. எழுந்து போவதற்குள் அக்கா என் தோளைப் பிடித்தாள். “இஞ்ச பாரு, நம்மட மகள் ஓடுறமாதிரியே இருக்கு” என்றாள். அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பல வருடமாகக் கண்டதில்லை.

பிறகு கை வந்தது. திரை முழுக்க ஒரே கை. ஒவ்வொரு விரலாக விரிந்தது. கடைசியில் சுண்டுவிரல், வளைந்தபடியே.

அக்கா திரும்பி என் முகத்தைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த என் இடது கையைப் பார்த்தாள். வீட்டுப் படலையைத் திறக்கும்போதுதான் கேட்டாள். “எனக்கிட்டச் சொல்லல்ல. ஊர் பேர் தெரியாத ஒருத்தனுக்கிட்டச் சொல்லியிருக்காய், என்ன?”

சேருக்கு எழுதினேன். வாயில் வந்ததையெல்லாம் எழுதினேன். அவருடைய பதில் பணிவாக இருந்தது. விரலை நேராக்கி நாற்பது தாள் வரைந்து பார்த்தாராம், கை பொம்மைக் கை மாதிரி இருந்ததாம், வளைவைத் திரும்பப் போட்டதும் உயிர் வந்ததாம். “உங்கள் ஊரில் அதைக் காட்டுவார்கள் என்று நான் நினைக்கவில்லை” என்று முடித்திருந்தார். மன்னிப்பு என்ற சொல்லை நான் தேடினேன், இல்லை. அவர் படத்துக்கு வேண்டியிருந்த உயிருக்கு விலையாக என் அக்காவை நான் கொடுத்தேன். என்னிடம் வாங்கிப்போனதை எல்லோருக்கும் காட்டிப் பெரிய ஆளானவரை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. நம்பிக் கொடுத்ததைக் கைவிட்டார்; நான் அக்காவுக்குச் செய்ததும் அதுதானே என்று மனம் கேட்கிறது.

அக்கா ஒன்றரை வருடம் என் வாசலை மிதிக்கவில்லை. பிறகு ஒரு நாள் வந்து, கதிரையில் உட்காராமல் நின்றுகொண்டே, அந்தப் படம் கணினியில் கிடைக்குமா என்று கேட்டாள். மகளுடைய புகைப்படங்கள் ஒன்றுவிடாமல் எல்லாம் கடலோடு போயிருந்தன. அவள் ஓடுவதை அக்கா இனிப் பார்ப்பதென்றால் அதில் மட்டும்தான். இப்போது மாதத்துக்கு ஒரு தடவையாவது வருகிறாள். நான் போடுகிறேன், அவள் பார்க்கிறாள். பிள்ளை முற்றத்தைத் தாண்டி ஓடிவந்து சிரிக்கும்போது அக்காவும் சிரிக்கிறாள்.

“கை வாறதுக்கு முதல் நிப்பாட்டு” என்கிறாள். நிறுத்துகிறேன்.