அத்தை கொண்டுபோன காசு

கோயமுத்தூர் காந்திபுரத்தில், மாடியேறிப் போகும் பணம் மாற்றும் கடை அது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் உட்கார்ந்திருந்தவர் எங்கள் முன்னால் மூன்று விதமான தாள்களை விரித்து வைத்தார். ஒன்று அமெரிக்க டாலர், ஒன்று சிங்கப்பூர் டாலர். மூன்றாவதற்குப் பெயர் டிராவலர்ஸ் செக். வாங்கும்போது ஒரு கையெழுத்துப் போட வேண்டும், அங்கே போய் மாற்றும்போது இன்னொன்று, தொலைந்துபோனாலும் பணம் திரும்பக் கிடைக்கும் என்றார். தொலைந்துபோனாலும் என்று அவர் சொன்ன மாத்திரத்தில் எனக்குத் தொலைந்தே போய்விட்டதுபோல இருந்தது. அப்பா மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். அத்தை மட்டும் எதையும் பார்க்கவில்லை. ரோட்டுப் பக்கம் இருந்த சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய ஒரே மகன் சிங்கப்பூரில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, ஆஸ்பத்திரியில் மெஷின் தயவில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். உயிரோடு இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு அன்றைக்கு வேறு கணக்கு இருந்திருக்காது என்றுதான் நான் நினைத்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அத்தை என் அப்பாவின் தங்கை. கருமத்தம்பட்டியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. மாமா போனபின் தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்தே மகனை வளர்த்தாள். அவன் எனக்கு மச்சான். வயதில் இரண்டொரு வருடம் பெரியவன். நானும் அவனும் ஒன்றாகத்தான் பாஸ்போர்ட் எடுத்தோம், ஒரே ஏஜெண்டிடம்தான் பெயர் கொடுத்தோம். புறப்படும் நாள் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. விமானம் விழுந்தால், மொழி தெரியாமல் எங்காவது தொலைந்தால், வேலை கொடுக்காமல் ஏமாற்றினால் என்று நினைத்து நினைத்து நின்றுபோனேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எட்டாத விஷயம் எதுவானாலும் எனக்குக் கெடுதலாகத்தான் தோன்றும். மச்சான் என்னைக் கேலி செய்துவிட்டுத் தனியாகப் போனான். போன இடத்தில் கொஞ்சம் சேர்த்ததும், அத்தையை அழைத்துக்கொண்டுபோய் ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று அவளுக்கும் ஒரு பாஸ்போர்ட் எடுக்க வைத்தான். அந்தப் பாஸ்போர்ட்டுக்கு இப்படியொரு வேலை வந்தது.

செய்தி வந்த அன்று எங்கள் வாசலில் ஆள் கூடிவிட்டது. தறி முதலாளி கைமாற்றாகப் பணம் தர ஒப்புக்கொண்டார். அதை எந்தப் பணமாக மாற்றிக்கொண்டு போவது என்பதுதான் பேச்சாக இருந்தது. மலேசியாவில் சில வருடம் இருந்துவிட்டு வந்த பக்கத்துத் தெருக்காரர், "அமெரிக்க டாலருதானுங்க ராசா. அத எங்க நீட்டுனாலும் எந்திரிச்சு நின்னு வாங்குவான்" என்றார். அப்பாவுக்கு அந்த ஊர்ப் பணமே மேல் என்று பட்டது. "ஆஸ்பத்திரியில கட்டுனாத்தான் வைத்தியம்னு சொல்லிப்போட்டா, டாலர மாத்தறதுக்கு எங்கபோயி நிக்கறதுங்க?" என்றார். நான், செக்காக இருந்தால் திருடு போகாது, ஆனால் அத்தை கையெழுத்து ஒரு முறை போட்டதுபோல மறுமுறை வராதே என்றேன். முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பஸ் டிக்கெட்டு பறந்துபோயிருமுன்னு வாயில கவ்விட்டு வாரவன் இவன். இவன நம்பிப் பணத்தையும் குடுத்துப் பொம்பளையையும் அனுப்பறீங்களே."

"பாஸ்போட்டு வெச்சிருக்கறவன் இவன் ஒருத்தந்தானுங்களே" என்றார் அப்பா.

அந்த நேரத்தில்கூடச் சிலர் சிரித்தார்கள். அப்பா உள்ளே எட்டிப் பார்த்து, "அம்மணி, நீ என்ன சொல்ற?" என்று கேட்டார். சமையற்கட்டில் ஏதோ கரைத்துக்கொண்டிருந்த அத்தை திரும்பாமலே, "உங்களுக்கு எது தோணுதோ செய்யிங்ணா" என்றாள்.

கடைசியில் பாதி அமெரிக்க டாலர், பாதி சிங்கப்பூர் டாலர் என்று முடிவாயிற்று. இரண்டையும் தனித்தனித் துணிப்பையில் வைத்துத் தைத்து இடுப்பில் கட்டிக்கொண்டேன். விமானம் மேலே ஏறி இறங்கும் வரை அதிலிருந்து கையை எடுக்கவில்லை. அத்தை கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். "எனக்கென்னுங் கண்ணு பயம்" என்று மட்டும் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் மச்சானைக் காட்டினார்கள். முகம் வீங்கி வேறு யாரோ போல இருந்தான். அத்தை அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நின்றவளை உட்கார வைக்க முடியவில்லை. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, வெள்ளைச் சட்டை போட்ட ஒவ்வொருவரும் பணம் கட்டச் சொல்லத்தான் வருகிறார் என்று இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. எல்லாம் கம்பெனி இன்சூரன்சில் போய்விடும் என்று அங்கிருந்த தமிழ் சூப்பர்வைசர் சொன்னார். இந்தப் பணமா அந்தப் பணமா என்று ஊரே கூடிப் பேசியது, இரண்டுமே தேவைப்படவில்லை. மறுநாள் மத்தியானம் மச்சான் போய்விட்டான்.

உடம்பை ஊருக்கு அனுப்பவும் கம்பெனி தயாராக இருந்தது. ஆனால் பரிசோதனை, சான்றிதழ், பெட்டி, விமானத்தில் இடம் என்று பல நாள் ஆகும் என்றார்கள். அத்தை யோசிக்கவே இல்லை. "பொட்டியில அடைச்சுச் சரக்கோட சரக்கா அவன் வர வேண்டாம் கண்ணு. இங்கயே முறையாச் செஞ்சு அனுப்பிச்சுரலாம்." அவள் அழவும் இல்லை. முறையாக என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். மகனுக்கு இனிச் செய்வதற்கு அது ஒன்றுதானே மிச்சம்.

மின்சாரத்தில் எரிக்கும் இடம். ஆஸ்பத்திரியைப் போலவே சுத்தமாக, வாசனையே இல்லாமல் இருந்தது. கூட வேலை பார்த்த பையன்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். வாய்க்கரிசி போட்டோம். பெட்டியை மூடப் போகும் சமயத்தில் அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். மஞ்சள் தோய்ந்த துணித்துண்டு ஒன்று வந்தது. அதற்குள் நம் ஊர் ஒரு ரூபாய்க் காசு. அதை மச்சானின் நெற்றியில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

நான் குனிந்து அந்தக் காசைப் பார்த்தேன். நெற்றிக்காசு வைப்பது எங்கள் பக்கத்து முறைதான், தெரியாததில்லை. ஆனால் அந்தக் காசு மஞ்சளில் நனைந்து காய்ந்திருந்தது. அதற்கு அர்த்தம், அவள் அதை ஊரிலேயே எடுத்துவைத்துவிட்டாள் என்பது. வாசலில் நாங்கள் டாலர்க் கணக்குப் பேசியபோது அவள் கரைத்தது மஞ்சளைத்தான். மகன் பிழைப்பான் என்று நினைத்து நாங்கள் பணம் தேர்ந்தெடுத்தோம். பிழைக்கமாட்டான் என்று தெரிந்து அவள் தேர்ந்தெடுத்தாள். உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் பயந்தவன் நான், அந்த ஒன்றை நினைத்துப் பார்க்கவில்லை. விமானத்தில் எனக்குப் பக்கத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு, அதை முடிந்து வைத்துக்கொண்டு, எப்படித்தான் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாளோ.

அங்கே வேலை பார்த்தவரும் தமிழர்தான். தயங்கியபடி கிட்டே வந்தார். "அம்மா, காசு உள்ள போகக் கூடாதும்மா. மெஷினுக்கு ஆகாது" என்று சொல்லி, காசைப் பக்குவமாக எடுத்து அத்தையின் கையில் வைத்தார்.

"அது உங்களுக்குத்தானுங்க சாமி. எரிச்சுக் குடுக்கறவருக்குச் சேர வேண்டியதுங்க. வாங்கிக்குங்க."

"எனக்குச் சம்பளம் இருக்கும்மா. கைநீட்டி வாங்குனேன்னு தெரிஞ்சா வேலை போயிடும்."

நான் அவசரமாக இடுப்புப் பையைப் பிரித்து டாலர் ஒன்றை நீட்டினேன். அதைப் பார்த்ததும் அவர் இன்னும் பின்னால் போனார். பெட்டி உள்ளே போய்க் கதவு மூடிக்கொண்டது. அத்தை காசைப் பிடித்த கையை விரிக்காமலே நின்றாள். கடைசிக் கூலி கொடுக்காமல் மகனை அனுப்பிவிட்டோம் என்பது அவள் முகத்தில் எழுதியிருந்தது. மகன் போனபோதுகூட அந்த முகத்தை நான் அப்படிப் பார்க்கவில்லை.

அஸ்தியோடு சென்னையில் இறங்கி, ரயிலில் ஈரோடு வந்து, நேரே பவானி கூடுதுறைக்குப் போனோம். அஸ்தியைக் கரைத்தோம். காசையும் ஆற்றில் போட்டுவிடலாம் என்றேன். அத்தை படித்துறையைக் காட்டினாள். சின்னப் பையன்கள் கயிற்றில் காந்தம் கட்டி, பக்தர்கள் போடும் காசைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். "அறியாத புள்ளைங்க எடுத்துப்போடும் கண்ணு. ஆகாது." உண்டியலில் போடலாமா என்றேன். தீட்டுக் காசைச் சாமிக்குப் போடுவதா என்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். வீட்டுக்குள்ளும் அதை எடுத்துக்கொண்டு போக முடியாது. எங்கேயும் வைக்க முடியாத, யாருக்கும் கொடுக்க முடியாத காசு அது. அதை வைத்துக்கொண்டே கோயமுத்தூர் பஸ்ஸில் ஏறினோம்.

பெருந்துறை தாண்டியதும் கண்டக்டர் வந்தார். சென்னையில் மாற்றிய நூறு ரூபாய் நோட்டை நீட்டினேன்.

"ஏனுங்க, ஆளாளுக்கு நூறா நீட்டுனா நான் என்ன நோட்டு அடிக்கற மெஷினா வெச்சிருக்கறேன்? சில்லறை குடுங்க."

"சில்லறை இல்லைங்கண்ணா."

"ஒரு ரூவா குடுத்தீங்கன்னா மிச்சத்த நோட்டாக் குடுத்தர்றேன். இல்லீன்னா அவனாசியில எறங்கிக்குங்க. உங்களுக்கு ஒரு ரூவா பெருசு, எனக்குப் பொழப்பே பெருசு."

பக்கத்து சீட்டில் யாரோ சிரித்தார்கள். அத்தை முந்தானை முடிச்சை அவிழ்ப்பதைப் பார்த்து, "வேண்டாமுங்கத்த" என்றேன். அவள் என்னைக் கவனிக்கவில்லை. உள்ளங்கையில் காசை வைத்துக் கண்டக்டருக்குக் காட்டினாள்.

"இது எம்பையன் நெத்தியில வெச்ச காசுங்க. சிங்கப்பூர்ல எரிச்சுட்டு வாரமுங்க. அங்க ஒருத்தரும் வாங்க மாட்டேன்னுட்டாங்க. ஒளிச்சுக் குடுக்கப்புடாது, சொல்லித்தான் குடுக்கறேன். வாங்கறதுன்னா வாங்குங்க சாமி."

சிரித்தவர் நிறுத்திக்கொண்டார். பஸ் ஆட்டத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்டக்டர் அந்தக் காசையே பார்த்தார். கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார் என்றுதான் எனக்குத் தோன்றியது. யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள்.

"எந்த ஊருங்கம்மா?"

"கருமத்தம்பட்டிங்க."

"குடுங்க. பொழுதன்னைக்கும் ஆளக் கொண்டுபோயி எறக்கி உடறதுதானுங்க எம் பொழப்பும். நான் வாங்கலாம்."

காசு தோல்பைக்குள் மற்றக் காசுகளோடு விழுந்தது. இரண்டு டிக்கெட்டைக் கிழித்து, மீதியை எண்ணி என் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த சீட்டுக்குப் போய் அங்கேயும் சில்லறை கேட்டுச் சண்டை போட ஆரம்பித்தார். அத்தை முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்து அழுதாள். அதுவரை அழாததெல்லாம் சேர்ந்து வந்தது. கருமத்தம்பட்டி வரும் வரை ஓயவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

அதற்கப்புறம் அத்தை ரொம்ப வருடம் இருந்தாள். அந்தப் பயணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மீதி டாலரையெல்லாம் அப்பா திரும்ப மாற்றி முதலாளிக்குக் கொடுத்தார். மாற்றிய வகையில் கொஞ்சம் நஷ்டம். எனக்குக் கல்யாணம் ஆகி, ஒரு மகள் பிறந்து, நான் விட்ட படிப்பையெல்லாம் அவள் படித்தாள்.

போன மாதம் அவள் வேலைக்கென்று ஜெர்மனி புறப்பட்டாள். எந்தப் பணம் கொண்டுபோகிறாய், எவ்வளவு, எங்கே வைத்துக்கொள்வாய் என்று துளைத்து எடுத்தேன். "எல்லாம் கார்டுல இருக்குதுங்கப்பா. ஏம்ப்பா இப்படிப் பயப்படறீங்க?" என்று சிரித்துவிட்டுக் குளிக்கப் போனாள். நான் அவள் கைப்பையைத் திறந்தேன். பர்ஸில் நாலைந்து ஒரு ரூபாய்க் காசு கிடந்தது, எடுத்தேன். பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள் ஒன்று இருந்தது, எடுத்தேன். லைனிங் துணி கிழிந்த இடத்தில் விரலை விட்டுத் துழாவி, மாட்டியிருந்த இன்னொன்றையும் எடுத்தேன்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவள் பார்த்துவிட்டாள். "என்னப்பா தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல கண்ணு. வெட்டியா எதுக்குக் கனம்னு."

அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் பையைக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. அப்புறம்தான் ஜிப்பை இழுத்து மூடினேன்.