அடி மூடிய வலை

என் தங்கச்சி ராமநாதபுரத்தில் கல்லூரிக்காகக் கூடைப்பந்து ஆடி, பிறகு அங்கேயே தற்காலிகப் பயிற்சியாளரானாள். வேலையை நிரந்தரமாக்கலாமா என்று பார்க்க நிர்வாகத்தார் வரும் நாளில் கூடையின் வலை கிழிந்திருந்தது. மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காத நான், பாம்பனில் மீன்வலை பின்னுகிறவன், புதிதாகப் பின்னி மாட்டினேன். பழக்கதோஷத்தில் அடியையும் மூடிவிட்டேன்.

முதல் பந்து உள்ளே விழுந்தது. கீழே வரவில்லை.

"ஏண்ணே, பந்து என்ன நெத்திலியா, நழுவிப் போயிரும்னு அடைச்சு வச்சிருக்க?" என்றாள் தங்கச்சி.

"வலைன்னா விழுந்தது வெளிய போகக் கூடாதுத்தா" என்றேன். வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். அவள் வேலைக்கு நானே உலை வைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அவளோ தன்னிடம் ஆட்டம் பழகும் பிள்ளைகளிடம், "கீழ இருந்து எக்கிக் குத்தி எடுங்கடி பாப்பம்" என்றாள். ஒவ்வொருத்தியாக ஓடிவந்து குதித்தார்கள். முழங்காலை எப்படி மடக்குவது, எங்கே காலூன்றுவது என்று அவள் சொல்லச் சொல்ல உயரம் கூடியது. கடைசியில் இருப்பதிலேயே குள்ளமானவள் குத்தியதில் பந்து எகிறி வெளியே விழுந்தது. கடலில் மீன் துள்ளிப் பார்த்திருக்கிறேன். மனுஷப் பிள்ளை அப்படித் துள்ளி அன்றுதான் பார்த்தேன். வாயை மூடவே மறந்துபோனேன். வந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

வேலை நிரந்தரமானது. இப்போது மதுரையில் பெரிய கல்லூரிக்குத் தலைமைப் பயிற்சியாளர். போன வாரம் போன் செய்தாள்.

"அண்ணே, ஒரு வலை வேணும். அடிய மூடியே பின்னு."