அண்ணன் வருவதற்குள் மாற்றிய பாகங்கள்

அண்ணனின் பைக்கை ரேஸ் ட்ராக்குக்குக் கொண்டுபோனதற்குப் பெயர் கொழுப்பு, வேறென்ன? ராணுவத்தில் இருக்கும் அவன் வேலைக்குத் திரும்பும்போது, நிக்டியில் எங்கள் வீட்டு வாசலில் நின்று, "ஆபீசுக்கு ஓட்டிக்கோ. ட்ராக் பக்கம் மட்டும் போயிடாதே" என்றான். மண்டையை மண்டையை ஆட்டினேன். மூன்றாம் மாதமே போனேன்.

மூன்றாவது சுற்றில், ஒரு வளைவில் பின்சக்கரம் வழுக்கியது. நான் ஒரு பக்கம் உருண்டேன். பைக் சறுக்கிக்கொண்டே போய் டயர் தடுப்பில் மோதியது. எனக்கு முழங்கைச் சிராய்ப்போடு சரி. பைக்குக்கு ஃபுட்ரெஸ்ட் முறிந்து, கிளட்ச் லீவர் பாதியாகி, ஹேண்டில்பார் கோணிப்போயிருந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று மண்ணில் உட்கார்ந்து அழுதேன். பத்து நாளில் அண்ணன் லீவில் வருகிறான்.

டெம்போவில் ஏற்றி, ஆகுர்டியில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் கெஞ்சினேன். பாவம், அந்த மனிதர் ஒரு வாரம் கடை கடையாக அலைந்து ஒவ்வொன்றாக மாற்றினார். அப்புறம் இன்னொரு வயிற்றெரிச்சல். புதுப் பாகங்கள் பளபளவென்று காட்டிக்கொடுத்தன. பெரிய புத்திசாலி மாதிரி, மெக்கானிக் கடையிலேயே உட்கார்ந்து லீவரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். ஃபுட்ரெஸ்ட் ரப்பரைச் சிமெண்டுத் தரையில் உரசினேன்.

வண்டியை எடுக்கப் போன அன்று, மெக்கானிக் முன்சக்கரத்துக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டு, "தாயி, நகோ" என்றார் மராத்தியில். வேண்டாம் அக்கா, ஓட்டாதே என்கிறார். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் ஒரு குழாய் வளைந்திருக்கிறதாம். புதுசு வர இரண்டு வாரம் ஆகும், வேகத்தில் பிரேக் போட்டால் வண்டி கையில் நிற்காது என்றார்.

"பார்த்தா தெரியுமா?" என்றுதான் ஹிந்தியில் கேட்டேன். சட்டென்று தெரியாது என்றார். அப்பாடா என்றிருந்தது. வெட்கக்கேடுதான், ஆனால் அப்படித்தான் இருந்தது. அவர் திட்டத் திட்ட, டெம்போவிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அண்ணன் வந்தான். பைக்கைச் சுற்றிப் பார்த்து, "பரவாயில்லையே, நல்லாத்தான் வெச்சிருக்கே" என்று தலையில் தட்டினான். மறுநாள் அண்ணியை லோனாவ்லா மலைக்குப் பைக்கில் கூட்டிப்போகப் போவதாகச் சொன்னான்.

"மழை வரும்ணா. கார்ல போயேன்."

"இந்த வெயில்ல மழையா? லூசாடி நீ?"

காலையில் அண்ணி பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அண்ணன் ஸ்டார்ட் செய்தான். சொன்னால் இனி அவன் முகத்தில் விழிக்க முடியாது. சொல்லாவிட்டால் அந்த மலைப்பாதை. வண்டி நகர்ந்தது. செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய்க் கேட்டை மறித்தேன்.

"போகாதேண்ணா! ட்ராக்ல விழுந்துட்டேன். ஃபோர்க் வளைஞ்சிருக்கு. வேகத்துல பிரேக் போட்டா ரெண்டு பேரும்..."

அண்ணன் என்ஜினை அணைத்தான். அண்ணி இறங்கினாள். அவன் அறைவான் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் தேவலை.

"நேத்தே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமாடி அவளைப் பின்னாடி ஏறவிட்டே?"

அண்ணி ஹெல்மெட் பட்டையை அவிழ்க்க முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தாள். உதவலாம் என்று கை நீட்டினேன். அவள் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டாள்.