கிரேன் விளையாட்டில் நான் பேசிய தமிழ்

பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுப்பது என் வேலை. தேனாம்பேட்டையில் பள்ளி, மயிலாப்பூரில் வீடு. நாற்பதைத் தாண்டிய பிறகு, ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் பழைய வீடியோ கேம்களை ஆடி அதை நேரலையில் காட்டும் பழக்கம் எனக்குப் பிடித்துக்கொண்டது.

பெயர் பெற்ற ஆட்டங்கள் இல்லை. அவற்றை ஆடிக்காட்ட நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஆடியவையெல்லாம் ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் பத்திரிகைகளோடு இலவசமாக வந்த சிடிகளில் கிடந்தவை, ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு எல்லோரும் மறந்துபோனவை. ஒரு சின்ன ரயில் நிலையத்தை நடத்துவது. மழையில் வீடு வீடாகத் தபால் கொடுப்பது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக் கப்பலில் பெட்டிகளை அடுக்குவது. எதிலும் யாரும் யாரையும் சுடுவதில்லை. ஆடிக்கொண்டே பேசலாம், பார்ப்பவர்கள் தங்கள் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருக்கலாம். நேரலைக்கு இவற்றைவிடப் பொருத்தமானவை கிடையாது என்று இன்றும் நினைக்கிறேன்.

முகத்தைக் காட்டவில்லை. திரையும் என் குரலும் மட்டும்தான். ஆரம்பத்தில் பார்க்க வந்தவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். எங்கள் வீட்டுப் பேச்சு வாயில் வந்துவிடக்கூடாது என்று பொதுவான தமிழில்தான் பேசினேன். இருந்தும் எங்கோ ஒரு 'பண்ணிண்டு' நழுவியிருக்க வேண்டும். "மாமி, காபி ஆச்சா?" என்று ஒருவர் எழுதிவிட்டுப் போனார். அன்று முழுக்க எரிச்சலாக இருந்தது.

அதற்கடுத்த வாரம் கிரேன் ஆட்டத்தை ஆடினேன். பெட்டியைக் கப்பலுக்கு மேலே கொண்டுபோகும்போது கை தவறி அது தண்ணீரில் விழுந்தது. என்னை அறியாமல், "இன்னா நைனா, இப்டி தண்ணில வுட்டுட்ட" என்றேன். என்னைப் பள்ளிக்கு அழைத்துப் போகும் ஆட்டோக்காரர் அப்படிப் பேசுவார். திரையின் ஓரத்தில் சிரிப்பு முகங்களாக வந்து விழுந்தன. "அக்கா செம" என்றார்கள். மறுவாரம் கூட்டம் கூடியது.

பிறகு அதுவே என் குரலாகிவிட்டது. பஸ்ஸில், கோயில் வாசல் பூக்கடையில், பள்ளி வராந்தாவில் காதில் விழுவதையெல்லாம் சேர்த்து வைத்து ஞாயிற்றுக்கிழமை எடுத்து விட்டேன். திங்கட்கிழமை வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "மிஸ், நோட்டு வூட்ல கீது" என்பாள். "வீட்டில் இருக்கிறது என்று சொல்" என்பேன். அவள் திருத்திச் சொன்ன பிறகுதான் உட்கார விடுவேன். இரண்டையும் செய்வது ஒரே ஆள்தான் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

வழக்கமாக வருபவர்களில் ஒரு பெண் இருந்தாள். தன் படத்துக்குப் பதில் ஒரு மீன் படத்தை வைத்திருந்தாள். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை, ஞாயிறு மட்டும் லீவு. கிரேன் ஆட்டத்தைச் சின்ன வயதில் சைதாப்பேட்டைப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் ஆடியிருக்கிறாள். அது இன்னொருவருக்கும் தெரிந்திருக்கிறது என்பதே அவளுக்கு அதிசயமாக இருந்தது. "நீ எந்த ஏரியா அக்கா?" என்று ஒருநாள் எழுதிக் கேட்டாள். "கால்வா ஓரம்தான்" என்றேன். எங்கள் தெருவில் இறங்கி நடந்துகொண்டே இருந்தால் கடைசியில் கால்வாய் வரும். பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த ஆட்டத்தை இரண்டு பேர் சேர்ந்தும் ஆடலாம். ஒருவர் லாரியில் பெட்டியைக் கொண்டுவர வேண்டும், மற்றவர் கிரேனால் தூக்க வேண்டும். பலரும் கேட்டதால் ஒரு ஞாயிறு அவளையும் குரலோடு சேர்த்துக்கொண்டேன். மெல்லிய, உற்சாகமான குரல்.

"அக்கா, ரிவர்ஸ்ல வுட்டுக்கினு வரேன். நீ பொறுமையா தூக்கு."

"வா வா, நான் கீறேன்ல."

நன்றாகவே ஆடினோம். பெட்டிகள் வரிசையாக ஏறின. ஆட்டம் ஒரு லயத்துக்கு வந்ததும் அவள் தானாகப் பேச ஆரம்பித்தாள்.

"எங்க வூடு அடையாறு ஆத்தோரம் இருந்துச்சிக்கா. வாசல்ல நின்னா ரயில் பாலம் தெரியும். தண்ணி ஏறுனா அல்லாரும் கட்டில் மேல குந்திக்குவோம். அப்பறம் இட்ச்சிட்டானுங்க. இப்போ ஊருக்கு வெளில, நாலாவது மாடி. தண்ணி ஏறாது. லிப்ட்டும் ஏறாது."

பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"அத்த ஏன் கேக்குற. எங்களுக்கும் அதே கததான்" என்றேன்.

"உங்களையும் மாத்திட்டாங்களா? எங்க?"

"இன்னும் போவல. சொல்லிக்கினே கீறாங்க."

"வுட்றாத அக்கா. அல்லாரும் சேந்து போய் கேளுங்க. நாங்க கேக்காம வுட்டதுதான் தப்பு" என்றாள். குரலில் உண்மையான கவலை இருந்தது. கிரேனைத் திருப்பினேன்.

அப்போதுதான் அறைக்கதவைத் திறந்துகொண்டு என் அம்மா வந்தாள்.

"ஏண்டி, ஆத்துல அப்பா தூங்கிண்டிருக்கார். நீ யாரோட கத்திண்டிருக்கே? காபி கலக்கட்டுமா?"

"செத்த இரும்மா, முடிச்சுண்டு வரேன்" என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது. மைக் திறந்திருந்தது.

"அக்கா டபுள் ஆக்டு" என்று ஒருவர் எழுதினார். சிரிப்பு முகங்கள் குவிந்தன. அவளுடைய லாரி மட்டும் கிரேனுக்குக் கீழே அப்படியே நின்றுவிட்டது.

"ஆத்துலயா?" என்றாள். அவளுக்கு அந்தச் சொல் ஆறுதான். எங்களுக்கு அது வீடு. பிறகு அவளே புரிந்துகொண்டாள்.

"அது யாரு?"

"எங்க அம்மா."

"அவங்களாண்ட பேசுனியே, அதான் உன் பேச்சா?"

"ஆமாம்."

"அப்போ இவ்ளோ நாளா எங்கள மாறி பேசிக்கினு இருந்தியா, எங்கள வச்சி காமெடி பண்ணிக்கினு இருந்தியா?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியவள் போலத்தான் கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். எந்தத் தமிழில் பதில் சொல்வது என்று தெரியாமல் மூடிக்கொண்டேன். "பாத்திரம் வெளக்கணும்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். நான் நேரலையை நிறுத்தினேன்.

கூடத்தில் அம்மா காபியைக் கொடுத்துக்கொண்டே, "யாருடி அது? நீ என்னமோ மாதிரி பேசிண்டிருந்தியே" என்றாள்.

"விளையாட்டுக்கும்மா."

அந்தப் பதிலைச் சொன்ன வாயால் காபியைக் குடிக்க முடியவில்லை.

அந்த வாரம் பள்ளி விட்டு வந்ததும் பழைய பதிவுகளைப் போட்டுக் கேட்டேன். அவள் கேட்டதற்கு 'உங்களை மாதிரிதான்' என்று பதில் சொல்ல முடியுமா என்று தேடினேன். முடியாது என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. பெட்டியை எப்படி அடுக்கினால் கப்பல் சாயாது என்று விளக்கும் இடங்களில் நான் வகுப்பறைத் தமிழில் பேசியிருக்கிறேன். பெட்டி நழுவும்போது, லாரி முட்டும்போது, தபாலை வேறு வீட்டில் போட்டுவிட்டு அசடு வழியும்போது மட்டும் 'இன்னா நைனா' வந்திருக்கிறது. தப்புச் செய்வதற்கென்று ஒரு தமிழை வைத்திருந்தேன். அது அவளுடைய வீட்டுப் பேச்சு. இதையெல்லாம் அவள் வாராவாரம் கேட்டிருக்கிறாள், அக்கா அக்கா என்று எழுதியிருக்கிறாள். காது மடல் சுட்டது. நாற்காலியில் உட்கார முடியாமல் எழுந்து போய் மாடியில் நின்றேன்.

அவளுக்கு நீளமாக ஒரு செய்தி எழுதினேன். படித்துப் பார்த்தால் அதில் பாதி என்னைப் பற்றி நானே நல்லவிதமாகச் சொல்லிக்கொண்டது. அழித்துவிட்டு, "வீடு பற்றி நான் சொன்னது பொய். உங்கள் பேச்சை வைத்துச் சிரிக்க வைத்தேன். மன்னித்துவிடுங்கள்" என்று மட்டும் அனுப்பினேன். மறுநாள் "பரவால்ல" என்று பதில் வந்தது.

அடுத்த ஞாயிறு என் சொந்தத் தமிழில் நேரலையில் பேசினேன். நடந்ததைச் சொன்னேன். "இதுல என்னா அக்கா இருக்கு, ஜாலிக்குதானே, பழைய மாதிரியே பேசு" என்று சிலர் எழுதினார்கள். அதைப் படிக்கப் படிக்க எனக்கு இன்னும் கூசியது. பலர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். ரயில் நிலைய ஆட்டத்தை, வந்திருந்த சிலருக்காக ஆடினேன்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு மதியம் மீன் படம் மறுபடி தெரிந்தது. சேர்ந்து ஆடலாமா என்று அவளாகவே கேட்டாள். கிரேன் ஆட்டத்தைத் திறந்தேன்.

"லாரி ரெடியா இருக்கு மேடம். தூக்கலாம்."

"மேடம்னு கூப்பிடாதீங்களேன்."

"பழகிடுச்சு மேடம். கம்பெனியில எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவேன்."

ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து வைத்துப் பேசினாள். தெரியாத வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைகிறவளைப் போல இருந்தது. நீங்கள் உங்கள் மாதிரியே பேசுங்கள் என்று சொல்ல நினைத்தேன். அதைச் சொல்லும் உரிமை எனக்கு ஏது? பெட்டியைத் தூக்கிக் கப்பலுக்கு மேலே கொண்டுபோனேன். அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"அய்யோ, வுழப் போவுது" என்றாள். உடனே, "விழப் போகுது மேடம்" என்று திருத்திக்கொண்டாள்.

பெட்டியை இறக்கினேன். அவள் அடுத்த லாரியைப் பின்னோக்கி எடுத்தாள். அன்று கப்பல் நிறையும்வரை ஆடினோம். பெட்டியைப் பற்றித் தவிர வேறு எதையும் பேசவில்லை.