பம்புக்கு ஒரு பொட்டு

இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிற எனக்கு அந்த நீல மாத்திரை ஆகாது என்று சொல்லிவிட்டார் குரோம்பேட்டை டாக்டர். பதிலுக்கு ஒரு கைப்பம்பை எழுதிக் கொடுத்தார். உறுப்பைப் பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டுக் காற்றை உறிஞ்ச வேண்டும். விறைத்ததும் அடியில் ரப்பர் வளையம் மாட்ட வேண்டும். “அழுத்தம் மீறாம தடுக்கிற வால்வு இருக்கான்னு பார்த்து வாங்குங்க சார். வளையம் அரை மணிக்கு மேல வேண்டாம்.”

முதல் நாள் நான் பம்பை அழுத்த, என் மனைவி போனில் அலாரம் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். “சைக்கிளுக்குக் காத்தடிக்கிற மாதிரியே இருக்குங்க.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “அடிக்கலடி, காத்தை வெளிய எடுக்கறேன்!”

அவள் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்து, வந்த விறைப்பு போயே போய்விட்டது. மூன்றாவது வாரம் கை பழகியது. அதற்குப் பிறகு அந்த அலாரம் அடித்தாலே இருவருக்கும் எரிச்சல்.

ஆயுத பூஜை வந்தது. மிக்ஸி, கிரைண்டர், ஸ்கூட்டர் என்று எல்லாவற்றுக்கும் அவள் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். நான் வேட்டி எடுக்க பீரோவைத் திறந்தால், துணிக்கடியில் ஒளித்திருந்த பம்பின் கைப்பிடியிலும் பளிச்சென்று ஒரு பொட்டு!

கூடத்தில் மச்சான் குடும்பமே சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவளைச் சமையலறைக்கு இழுத்துப்போய், “என்னடி இது?” என்று பல்லைக் கடித்தேன்.

“பூஜையில வச்சதை இன்னைக்குத் தொடக் கூடாது,” என்றாள் பக்தியோடு. “நாளைக்கு விஜயதசமி. கண்டிப்பா எடுத்தே ஆகணும்.”